கட்டை பங்களாவின் கிழக்குச் சுவர்

1991 டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை, வைட்ஃபீல்டில் டிரேவரின் வீடு முந்தின நாள் இருந்ததைவிடப் பதினோரு அடி நீளமாக இருந்தது. கிழக்குச் சுவருக்கு வெளியே வைத்திருந்த கோழிக்கூண்டு இப்போது சுவருக்கு உள்ளே, புதிதாக வந்த ஓர் அறையின் நடுவில் இருந்தது. கோழிகள் எதுவும் சாகவில்லை. ஒன்று முட்டைகூட இட்டிருந்தது. ஊரில் இதைப் பற்றி இரண்டு நாள் பேசினார்கள். மூன்றாம் நாள் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு வந்ததால் பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். டிரேவரின் கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரர். சீமையில் தன் ஊருக்கு விடுமுறையில் போயிருந்தபோது, நொடித்துப்போன ஒரு குடியானவனிடமிருந்து அவனுடைய பண்ணை வீட்டை விலைக்கு வாங்கினார். நிலத்தை வாங்கவில்லை, வீட்டை மட்டும். அது செங்கல் வீடாக இருந்தால் நடந்திருக்காது. தூண், உத்தரம், கைமரம் எல்லாமே ஓக் மரம். ஒன்றின் நாக்கை இன்னொன்றின் துளையில் செருகி, குறுக்கே மர முளை அடித்து நிறுத்திய கட்டடம். ஓர் இரும்பாணி கிடையாது. மரச் சட்டங்களுக்கு இடையே சுள்ளிகளைப் பின்னி, அதன் மேல் களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பி, சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். முளைகளைத் தட்டி எடுத்தால் பழைய கட்டிலைப் பிரிப்பது போலப் பிரித்துவிடலாம். அப்படியே பிரித்தார்கள். எந்த மரம் எங்கே சேர வேண்டும் என்று, வீட்டை முதலில் கட்டிய தச்சர்கள் முன்னூறு வருஷத்துக்கு முன்பே உளியால் ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு என்று கீறி வைத்திருந்தார்கள். மரங்கள் கப்பலில் மதராஸுக்கும் அங்கிருந்து ரயிலில் வைட்ஃபீல்டுக்கும் வந்தன. கோடுகளை எண்ணிக் கோர்த்து நிறுத்தி, மங்களூர் ஓடு போட்டார்கள். கறையான் வந்தது. நாற்காலிக் கால்களைத் தின்றது, பைபிள் வைத்திருந்த அலமாரியைத் தின்றது, ஓக் மரத்தை மட்டும் தொடவில்லை. வெள்ளைச் சுவரில் கறுத்த மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிந்ததால் ஊரார் அதைக் கட்டை பங்களா என்றார்கள். வாசல்களின் உயரம் குறைவு. அந்த வீட்டில் நெற்றி இடிபடாத விருந்தாளி கிடையாது.

ஒரு ஜோடித் தூணுக்கும் அடுத்த ஜோடித் தூணுக்கும் நடுவே உள்ள இடத்தை அங்கணம் என்பார்கள். கட்டை பங்களாவில் நான்கு ஜோடித் தூண்கள், மூன்று அங்கணங்கள். மேற்கே டிரேவர் படுக்கும் அறை, நடுவில் பெரிய கணப்படுப்பு வைத்த கூடம், கிழக்கே சமையல்கட்டு. டிரேவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை அன்னா 1966இல் புருஷனோடு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்குப் போய்விட்டாள். அம்மாவின் சாவுக்கு அவள் வரவில்லை என்று இவரும், தகவலே அடக்கம் முடிந்த பிறகுதான் வந்தது என்று அவளும் கோபித்துக்கொண்டு, பிறகு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையோடு நிறுத்திக்கொண்டார்கள். தனியாக இருப்பது டிரேவருக்குப் பிடித்திருந்தது. கோழிகளோடு ஆங்கிலத்திலும் மற்றவர்களோடு தமிழிலும் பேசுவார்.

அந்த டிசம்பரில் காவிரி விஷயமாகத் தமிழர்களுக்கு எதிராகக் கலவரம் மூண்டு, நகரத்துக்குள் ஒக்கலிபுரத்தில் சின்னப்பா குடியிருந்த சந்தில் நான்கு வீடுகள் எரிந்தன. மூன்றாவது அவருடையது. சின்னப்பா சிட்டி ஸ்டேஷனில் கார்டுகளின் இரும்புப் பெட்டியை வண்டியில் ஏற்றி இறக்குகிறவர். டிரேவரின் பெட்டியைப் பல வருஷம் தூக்கியிருக்கிறார். மனைவி முத்தம்மாவையும் ஏழு வயது மகள் மகாவையும் கூட்டிக்கொண்டு, கையில் கிடைத்ததை ஒரு போர்வையில் கட்டி, ஜோலார்பேட்டைப் பக்கம் போகிற வண்டியில் ஏறினார். ஜோலார்பேட்டையில் அவர்களுக்கு யாரும் இல்லை. எல்லோரும் அந்தப் பக்கம் போனதால் இவர்களும் போனார்கள். வைட்ஃபீல்டில் வண்டி வெகுநேரம் நின்றுவிட்டது. அப்போதுதான் சின்னப்பாவுக்குக் கார்டு சார் ஞாபகம் வந்தது.

டிரேவர் கதவைத் திறந்து மூவரையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கூடத்தில் கணப்பின் பக்கத்தில் படுக்கச் சொல்லி, இருந்த ரொட்டியை எடுத்து வைத்தார். முத்தம்மா சாப்பிடவில்லை. புகை வாடை போகாத போர்வையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விடிந்ததும் முட்டை எடுக்கப் போன டிரேவர், சமையல்கட்டின் கிழக்குச் சுவரில் நேற்று இல்லாத ஒரு கதவைப் பார்த்தார். அதைத் திறந்ததும் கோழிகள் எதிர்ப்பட்டன. அறையின் கோடியில் ஐந்தாவது ஜோடித் தூண் நின்றது. அதில் ஐந்து கோடுகள் கீறியிருந்தன. மரம் புதியது அல்ல. மற்ற மரங்களைப் போலவே கறுத்து வெடித்திருந்தது; அதில் என்றோ யாரோ இறைச்சி தொங்கவிட்ட கொக்கி ஒன்று துருவேறி நின்றது. ஓடுகளில் இருந்த முத்திரை, மூடி இருபது வருஷம் ஆன தொழிற்சாலையின் முத்திரை. சுவரின் மண்பூச்சு மட்டும் ஈரமாக இருந்தது.

டிரேவர் கூடத்துக்குத் திரும்பி வந்து சொன்னார்: "சின்னப்பா, எக்ஸ்ட்ரா கோச் கோத்திருக்கான். ஏறிக்கோ."

நிலைமை அடங்கியதும் போய்விடுவதாகத்தான் இருந்தார்கள். ஜனவரியில் சின்னப்பா ஒக்கலிபுரத்துக்குப் போய், தன் வீடு இருந்த இடத்தில் வேறொருவர் தகரம் அடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு தினமும் காலை வண்டியில் ஸ்டேஷனுக்குப் போய் மாலை வண்டியில் திரும்பினார். முத்தம்மா பக்கத்து நர்சரிப் பள்ளியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள். மகா புதுச் சுவரின் ஈரம் காய்வதற்குள் அதில் ஐந்து விரலையும் பதித்து வைத்தாள். கோழிக்கூண்டை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. வாசலில் நுழையாததால் பிரித்து எடுத்தார்கள்.

விஷயத்தைக் கேள்விப்பட்டு மாதா கோயில் உபதேசியார் ரெமிஜியஸ் ஒரு பெட்டியோடு வந்து மூன்று நாள் கூடத்தில் படுத்தார். அறை வருகிறதா என்று பார்த்து ஆயருக்கு எழுதுவதாக இருந்தார். வரவில்லை. முதுகுவலிதான் வந்தது. கிளம்பும்போது, "எனக்குத்தான் வீடு இருக்கே, அறை எதுக்கு வரணும்?" என்று அவரே சொன்னார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அதை ஆராயவில்லை. போக்கிடம் இல்லாதவர்களுக்கு வீடு நீளும், மற்றவர்களுக்கு நீளாது என்பது பால்காரன் எத்தனை மணிக்கு வருவான் என்பது போல எல்லோருக்கும் தெரிந்த சங்கதி ஆயிற்று.

1995இல் சந்திரம்மா வந்தாள். பக்கத்துக் கிராமத்தில் ராகி போட்டுக்கொண்டிருந்தவள். அவளுடைய நிலம் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கான கட்டடங்களுக்காக எடுக்கப்பட்டது. மகன்கள் இருவரும் நஷ்டஈட்டைப் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போனார்கள். சந்திரம்மாவையும் பசுவையும் யார் வைத்துக்கொள்வது என்பதில் அவர்களுக்குள் முடிவாகவில்லை. பசுவுக்குத் தண்ணீர் கேட்டு வந்தவள் கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முத்தம்மாவுக்கு அவளைப் பிடிக்கவில்லை. சந்திரம்மா கன்னடத்தில் பேசியதுதான் காரணம். முத்தம்மாவும் பிறந்ததிலிருந்து கன்னடம் பேசுகிறவள்தான், ஆனால் அந்த டிசம்பர் மாலையில் சந்துக்குள் ஓடி வந்தவர்கள் கத்திய மொழியை அதற்குப் பிறகு அவள் வாயில் எடுக்கவில்லை. தண்ணீரை மொண்டு கொடுத்தாள், பேசவில்லை. வீடு அவளைக் கேட்கவில்லை. மறுநாள் காலை கிழக்கே இன்னோர் அங்கணம் நீண்டிருந்தது. வெளியே முளையில் கட்டியிருந்த பசு, படுத்த இடத்திலேயே, புது அறைக்குள் அசைபோட்டுக்கொண்டிருந்தது. அறையில் பாதிக்குத் தரை போடவில்லை. ஓரமாகத் தீவனத் தொட்டி இருந்தது. பண்ணை வீட்டுக்கு மாடு எப்படி வைப்பது என்று தெரிந்திருக்கிறது என்றார் டிரேவர். முத்தம்மா ஒரு வாரம் பேசாமல் இருந்தாள். பிறகு ஒரு நாள் காலை சொம்போடு போய் நின்று, பசு எத்தனை லிட்டர் கறக்கும் என்று கன்னடத்தில் கேட்டாள். சந்திரம்மா சொம்பை வாங்கி நிறைத்துக் கொடுத்தாள்.

அதற்குள் ஊர் மாறிக்கொண்டிருந்தது. தைலமரத் தோப்புகள் போய்க் கண்ணாடிக் கட்டடங்கள் வந்தன. கட்டை பங்களாவின் தோட்டத்தை விலைக்குக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். டிரேவர் அவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினார்.

1999 ஜனவரியில் அன்னா வந்தாள். முப்பத்துமூன்று வருஷத்துக்குப் பிறகு. நல்ல கோட்டு, நல்ல பெட்டி, கூடவே தேசிகன் என்ற வக்கீல். அப்பாவின் உயில்படி வீட்டில் பாதி தன்னுடையது என்றும், ஒரு பில்டர் நல்ல விலைக்குக் கேட்பதாகவும், விற்றுவிடலாம் என்றும் சொன்னாள். டிரேவர் மறுக்கவில்லை. உயில் அப்படித்தான் இருந்தது. அவர் சின்னப்பாவையும் சந்திரம்மாவையும் கூப்பிட்டு விவரத்தைச் சொன்னார். சின்னப்பா தலையாட்டிவிட்டு, அடுத்த நாளே ஒக்கலிபுரத்தில் வாடகைக்கு ஓர் அறை பார்த்துவிட்டு வந்தார். ஜன்னல் இல்லாத அறை. சந்திரம்மா பசுவை யாரிடம் விடலாம் என்று விசாரித்தாள். யாரும் அன்னாவிடம் எதையும் கேட்கவில்லை. அவளும் புது அறைகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீடு தன் நினைவில் இருந்ததைவிட நீளமாக இருக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டாள். சின்ன வயதில் பார்த்த இடங்கள் பிறகு சிறிதாகத்தான் தெரியும் என்பார்களே, இது தலைகீழாக இருக்கிறதே என்றும் நினைத்தாள்.

அவள் தங்கியது நகரத்துக்குள் ஒரு ஓட்டலில். விலைபேசி முடித்த அன்று ஏதோ பந்த். டாக்சி ஓடவில்லை. வேறு வழியில்லாமல் டிரேவரின் அறையில் படுத்தாள். டிரேவர் கூடத்துக்குப் போனார். காலையில் எல்லோரும் எழுந்து பார்த்தபோது கிழக்குச் சுவர் மறுபடி தள்ளிப் போயிருந்தது. முந்தின நாள் முத்தம்மா தோட்டத்துக் கொடியில் காயப்போட்ட புடவைகள், அவிழ்க்காமலே, புது அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தொங்கிக்கொண்டிருந்தன. கடைசித் தூணில் ஏழு கோடு.

காலைச் சாப்பாட்டின்போது அன்னா என்ன நடந்தது என்று கேட்டாள். பதினைந்து வயதான மகாதான் சொன்னாள், யாருக்கு வீடு நீளும் என்று. சொல்லி முடித்த பிறகே அவளுக்கு உறைத்தது. தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். டிரேவர் தங்கையிடம் ஆங்கிலத்தில், பெர்த்தில் எந்த வீட்டில் இருக்கிறாய் என்று கேட்டார். அன்னா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

போன இடம் அந்த அறைதான். துணி எடுக்க வந்த முத்தம்மா அவளைப் புடவைகளுக்கு நடுவே பார்த்தாள். அன்னாவின் தமிழ் சின்ன வயதில் சமையல்காரியிடம் கற்றது, மறக்கவில்லை.

"இது எனக்கு வந்தது இல்ல," என்றாள். "எனக்கு அங்க வீடு இருக்கு."

"இருக்கட்டும்மா," என்றாள் முத்தம்மா. "நாங்களும் வந்தன்னைக்கு, ஊருக்குப் போற வழியில வந்தோம்னுதான் சொன்னோம்."

அன்னா ஈரம் காயாத சுவரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, யாரிடமும் சொல்லிவிடாதே என்றாள்.

"சொல்றதுக்கு என்ன இருக்கு? செவுரு வெளியவே தெரியுது." முத்தம்மா ஒரு புடவையை உருவி அதன் ஒரு முனையை அன்னாவின் கையில் கொடுத்தாள். "புடிங்க, மடிக்கலாம்."

இருவரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடித்தார்கள். மடிக்க மடிக்க அன்னா சொன்னாள். புருஷன் செத்த பிறகு மகனின் வியாபாரத்துக்காக வீட்டை விற்றதும், வியாபாரம் மூழ்கியதும், கார் நிறுத்துகிற கொட்டகையில் அவளுக்குக் கட்டில் போட்டதும், பிறகு மருமகளின் அம்மா வந்ததால் அந்தக் கட்டிலும் போனதும், கடைசி ஒரு வருஷமாகக் கோயில் சிநேகிதிகளின் வீடுகளில் மாறி மாறித் தங்கியதும். கோட்டு ஒரு சிநேகிதியுடையது. தன் பங்கு கிடைத்தால் அங்கே ஒற்றை அறை வைத்த வீடாவது வாங்கலாம் என்று வந்திருந்தாள். இதை யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. புடவைகள் தீர்ந்ததும் முத்தம்மா துடைப்பம் எடுத்துவந்து தரையில் இருந்த தோட்டத்துப் புல்லைப் பெருக்கினாள். புல் வேரோடு இருந்ததால் நேரம் பிடித்தது. வெளியே வந்தபோது, கூடத்தில் இருந்ததிலேயே நல்ல நாற்காலியைத் தூக்கிக்கொண்டு டிரேவர் எதிரே வந்தார். வாசலில் நெற்றியை இடித்துக்கொண்டு உள்ளே போய், அதை ஜன்னலோரம் வைத்துவிட்டு, தங்கையைப் பார்க்காமல் திரும்பிப் போனார்.

அன்னாவுக்கு ரோஷம் அதிகம். பந்த் முடிந்ததும் ஓட்டலுக்குப் போய்விட்டாள். தெரியக் கூடாதது தெருவில் போகிறவன் வரைக்கும் தெரிந்துபோனதை அவளால் தாங்க முடியவில்லை. பத்திரத்தைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லித் தேசிகனைத் துரிதப்படுத்தினாள். குறித்த நாளில் அவருடைய அலுவலகத்தில் போய் உட்கார்ந்தாள். டிரேவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். தேசிகன் விற்பவரின் நிரந்தர விலாசத்தைக் கேட்டார். அன்னா பெர்த்தில் ஒரு தெருவின் பெயரைச் சொல்லத் தொடங்கி, அங்கே இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள் என்று நிறுத்தினாள். மகனின் விலாசம் என்றாள், அதையும் வேண்டாம் என்றாள். கடிதம் போட்டால் வந்து சேருகிற விலாசம் எதுவானாலும் போதும் என்றார் தேசிகன். அவள் யோசித்துப் பார்த்தாள்.

"கட்டை பங்களா, வைட்ஃபீல்ட்," என்றாள்.

தேசிகன் பொறுமையானவர். விற்கப்போவதே அந்த வீட்டைத்தான், கையெழுத்துப் போட்ட பிறகு அது அவளுடைய விலாசமாக இருக்காது என்று விளக்கினார். தெரியும் என்றாள் அன்னா. பேனாவை மூடி அவர் மேஜையில் வைத்தாள். பிறகு அண்ணனும் தங்கையும் பஸ் ஏறி ஓட்டலுக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார்கள். வழியில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்று பின்னால் டிரேவர் சொன்னார். பேசியிருந்தால் சண்டை வந்திருக்கும் என்றும் சொன்னார்.

பில்டர் எதிர்ப்பக்கத்துத் தோப்பை வாங்கிப் பதினான்கு மாடி கட்டினார். சின்னப்பா அந்த ஜன்னல் இல்லாத அறைக்குப் போகவில்லை. அன்னா வந்த முதல் வருஷம் அண்ணனோடு ரேடியோ சத்தத்துக்காகச் சண்டை போட்டாள், இரண்டாம் வருஷம் கோழிகளுக்காக. மூன்றாம் வருஷம் டிரேவருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. அதற்குப் பிறகு தினமும் காலையில் அவருக்குச் செய்தித்தாளைச் சத்தமாகப் படித்துக்காட்டினாள். ரயில் விபத்துச் செய்திகளை மட்டும் விட்டுவிடுவாள். அவள் விட்டுவிடுகிறாள் என்று அவருக்குத் தெரியும். மாலையில் சின்னப்பாவிடம் கேட்டுக்கொள்வார்.

2003 ஆகஸ்டில் டிரேவர் நெஞ்சுச்சளி முற்றிச் செத்தார். அடக்கம் முடிந்து எல்லோரும் கல்லறையிலிருந்து திரும்பியபோது, வீட்டின் மேற்குச் சுவர் உள்ளே வந்திருந்தது. டிரேவரின் படுக்கையறை இல்லை. அந்த வீடு சுருங்கும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. அவருடைய கட்டில், ரேடியோ, விசில், பச்சைக்கொடி, குடை எல்லாம் கூடத்தில் கணப்பின் பக்கத்தில் ஒழுங்காக இருந்தன. வீட்டில் அப்போது பசுவைத் தவிர யாரும் இல்லை. கல்லறையில் அழாத அன்னா, அந்தக் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். சந்திரம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கன்னடத்தில் ஏதோ சொல்லி முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அன்னாவுக்குக் கன்னடம் தெரியாது. வெளியே, அறை இருந்த இடத்தில், மண் மாவு போல வெளுத்துக் கிடந்தது. நூறு வருஷத்துக்கு மேல் மழை படாத மண். சின்னப்பா செருப்பைக் கழற்றிவிட்டு அதில் கொஞ்ச தூரம் நடந்தார். சாயங்காலம் மழை பெய்தது. பத்து நாளில் அங்கே புல் வந்தது.

அடுத்த வருஷம் சாலையை அகலப்படுத்த வந்த இன்ஜினியர்கள், தங்கள் வரைபடத்தில் இடிக்க வேண்டிய அறை என்று இருந்த இடத்தில் புல்லைப் பார்த்தார்கள். நல்லதாகப் போயிற்று என்று அந்த நிலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். மேற்கே ஒன்றை விட்டுக் கிழக்கே ஒன்றைச் சேர்த்துக்கொண்டு இப்படியே போனால், என்றைக்காவது வீடு ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்துவிடும், தனக்கு நடை மிச்சம் என்று சின்னப்பா சொன்னார். மகா படித்து முடித்து ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். கம்பெனி வண்டி வாசலுக்கே வந்து கூட்டிப்போனது. அதை ஊரார் வீடு நீண்டதைவிட அதிக நாள் பேசினார்கள்.

2007 ஜூன் மாதம் ஒரு மாலை, எதிரே இருந்த பதினான்கு மாடிக் குடியிருப்பிலிருந்து ரக்ஷிதா என்ற பெண், ஒரு சூட்கேஸும் தூங்கும் குழந்தையுமாகச் சாலையைக் கடந்து வந்தாள். காதோரம் வீங்கியிருந்தது. பஸ் ஸ்டாப் எது என்று கேட்டாள். பஸ் ஸ்டாப் அவளுக்குப் பின்னாலேயே இருந்தது. அன்னா அவளை உள்ளே வரச் சொன்னாள், வாசலில் தலையைக் குனியச் சொன்னாள். சந்திரம்மா பால் காய்ச்சிக் கொடுத்தாள். யாரும் வேறொன்றும் கேட்கவில்லை. கணப்பின் பக்கத்தில் பாய் விரித்துக் கொடுத்தார்கள்.

காலையில் முத்தம்மா எழுந்து, வாசல் தெளிக்கும்போது கிழக்குச் சுவர் எங்கே நிற்கிறது என்று ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். பிறகு சமையல்கட்டுக்குப் போய், வழக்கமாகப் போடும் அரிசியோடு ஒரு தம்ளர் கூடப் போட்டாள். குழந்தைக்காக இன்னும் அரைத் தம்ளர் போட்டுக் களைந்து, உலையில் வைத்தாள்.